விக்கிரகம்னா சிலை மட்டும்தானா?

எங்க சபையில போன வருஷம் அறுப்பின் பண்டிகைல, காணிக்கையா வந்த விளைச்சல ஏலம் விட்டப்ப, ஒரு மட்டி வாழைக்குலை 18,000 ரூவாய்க்கு போச்சு. பெரிய குலைன்னு கூட சொல்ல முடியாது, ஏழு சீப்பு இருக்கும், அதுல கீழ ரெண்டு சீப்பு பிஞ்சு. ஏலம் சொல்ற அண்ணன் மைக்க பிடிச்சிட்டு "பதினஞ்சு ஒருதரம்"னு இழுத்ததும் பந்தல் காலு பக்கத்துல நின்னவரு பதினாறுன்னாரு, இந்தப் பக்கம் கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்தவரு பதினேழுன்னாரு, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் குலைய திரும்பிக்கூட பாக்கல, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர்தான் பாத்துட்டு நின்னாங்க. அந்த மேசையிலயே ஒரு மாமி பேப்பர்ல பொதிஞ்சு ஒரு பிடி பயத்தங்காய் காணிக்கையா வச்சிருந்தாங்க, அத ஏலத்துல சேக்கவே மறந்துட்டாங்க. கடைசில நான்தான் அத 20 ரூவாய்க்கு எடுத்தேன். எடுத்ததும் எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பெருமை வந்துச்சுங்கிறத இப்பவே சொல்லிடுறேன், இல்லன்னா இந்த கட்டுரையே பொய்யாயிடும்.

அன்னைக்கு காலைலதான் சண்டே ஸ்கூல்ல பிள்ளைகளுக்கு பத்துக் கற்பனை, அதாவது பத்துக் கட்டளை, எடுத்திருந்தேன். "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்." பிள்ளைங்க எல்லாம் கடகடன்னு ஒப்பிச்சாங்க. செரி, நம்ம ஆளுங்க யாராவது வேற தேவன் வச்சிருக்காங்களான்னு கேட்டதுக்கு ஒரே குரல்ல "இல்ல சார்". இந்த "இல்ல சார்" பத்திதான் கொஞ்சம் பேசணும், காசு, அரசியல்வாதி, கொடின்னு சிலையே இல்லாம நாம கும்பிடுற மூணையும் வச்சு. பைபிள் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி அடியில இருந்தே சொல்றேன்.

விக்கிரகம்னு சொன்னா நம்ம குமரி மாவட்டத்துல ஆளுக்கு ஒரு அர்த்தம். பெந்தெகொஸ்தேகாரரு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயில்ல இருக்க மாதா சொரூபத்த காட்டுவாரு. சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை)காரங்க அந்தப் பக்கமும் கை காட்டுவாங்க, முக்குல இருக்க அம்மன் கோயிலயும் காட்டுவாங்க. ஆர்.சி.காரங்க "நாங்க வணக்கம்தான் செலுத்துறோம், ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான்"னு பதில் சொல்லி சொல்லி அலுத்துப் போயிருப்பாங்க. 2011 சென்சஸ் படி மாவட்டத்துல 46.85 சதவீதம் கிறிஸ்தவங்க, அதனால இந்த விவாதம் மார்த்தாண்டத்துல இருந்து திங்கள்சந்தை வரைக்கும் எந்த டீக்கடையிலயும் ஆள் கிடைக்காம நின்னு போனதே இல்ல. இதுல எல்லாருக்கும் ஒரு வசதி இருக்கு பாருங்க, விக்கிரகம் எப்பவும் அடுத்தவன் வீட்லதான் இருக்கும்.

பைபிள் சொல்ற விஷயம் இதவிட பெருசு, கொஞ்சம் வலிக்கவும் செய்யும். கல்லும் மரமும் அதுல ஒரு பாதிதான். மனுஷன் எத நம்பி நிம்மதியா தூங்குறானோ, எது போயிடுமோன்னு பயந்து நடுங்குறானோ, எது கேட்டா ஏன் எதுக்குன்னு கேக்காம தூக்கிக் குடுக்குறானோ, அதுதான் அவனுக்கு நடைமுறையில தெய்வம். அந்த எடத்துல கடவுள் இல்லாம வேற எது உக்காந்தாலும் அதுக்குப் பேரு விக்கிரகம். ஆதி சபைத் தலைவர்கள்ல ஒருத்தரான பவுல், கொலோசெ ஊர் சபைக்கு கடிதம் எழுதும்போது இத நேரடியா சொல்லிட்டாரு, "விக்கிரகாராதனையான பொருளாசை"ன்னு. சிலையே இல்லாத ஒரு விஷயத்த விக்கிரகாராதனைன்னு சொல்றாரு, கவனிங்க. அதாவது பூஜையறையே இல்லாத வீட்லயும் பூஜை நடக்கலாம்.

இதுல ரொம்ப பேரு தப்பா புரிஞ்சிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. விக்கிரகம்னா ஏதோ கெட்ட பொருள், பேய் பிசாசு சம்பந்தப்பட்டதுன்னு நெனைக்கிறோம். பெரும்பாலும் அப்படி வராது. நல்லது செஞ்ச பொருள்தான் விக்கிரகமா மாறும். இதுக்கு பைபிள்ல எனக்கு ரொம்ப பிடிச்ச கதை வெண்கலப் பாம்பு. வனாந்தரத்துல ஜனங்கள பாம்பு கடிச்சு சாகும்போது மோசே வெண்கலத்துல ஒரு பாம்பு செஞ்சு கம்பத்துல தூக்கி வச்சாரு, அத பாத்தவங்க பிழைச்சாங்க. செய்யச் சொன்னது யாரு? கடவுளே. எண்ணாகமம் 21ல இருக்கு. அதோட கதை முடிஞ்சிருச்சுன்னுதான் நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன், ஆனா பல நூறு வருஷம் கழிச்சு, 2 இராஜாக்கள் 18ல, அந்தப் பாம்பு திரும்ப வருது. யாரோ பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க, அதுக்கு ஒரு பேரு வந்திருக்கு, ஜனங்க அதுக்கு தூபம் காட்டிட்டு இருக்காங்க! எசேக்கியா ராஜா அத உடைச்சுப் போட்டாரு, நிகுஸ்தான்னு சொன்னாரு, கிட்டத்தட்ட "இது வெறும் வெண்கலத் துண்டுடே"ங்கிற மாதிரி. யோசிச்சுப் பாருங்க, மோசே கையால செஞ்சது, கடவுள் சொல்லி செஞ்சது, உண்மையிலேயே உயிர காப்பாத்தினது. அத உடைக்க எவ்வளவு தைரியம் வேணும். நம்ம ஊர்ல ஒரு பழைய பிரசங்க மேடைய நகத்தி வைக்கவே மூணு கமிட்டி மீட்டிங் போடணும்.

அதனால நம்மகிட்ட இருக்க விக்கிரகத்த கண்டுபிடிக்கணும்னா, நம்மள எது காப்பாத்திச்சுன்னு தேடினாலே போதும்.

நம்ம பக்கத்து கதைய எடுத்துக்கோங்க. 1806ல ரிங்கல்தௌபேங்கிற மிஷனரி மயிலாடிக்கு வந்தாரு, சபையும் பள்ளிக்கூடமும் ஒண்ணா வளந்துச்சு. அந்தக் காலத்துல நம்ம முன்னோர்களுக்கு தோள்ல துணி போட உரிமை இல்ல, பெண்கள் மாரு மறைக்கக் கூடாது, அதுக்கு எத்தனையோ வருஷம் அடி வாங்கி, துணி கிழிக்கப்பட்டு, சபையும் பள்ளிக்கூடமும் கொளுத்தப்பட்டு, 1859 ஜூலை 26லதான் திருவிதாங்கூர் ராஜாவோட உத்தரவு வந்துச்சு, அதுவும் முழு மனசோட இல்ல. மனுஷனுக்கு முன்னால மனுஷன் குனிஞ்சு நிக்க வேண்டாம்ங்கிறத நம்ம ஆளுங்க இந்த கற்பனைல இருந்துதான் படிச்சாங்கன்னு நான் நம்புறேன். கடவுள் ஒருத்தருக்குத்தான் கும்பிடுன்னா, பண்ணையாருக்கு இல்லன்னு ஆயிடுதுல்ல. எங்க பாட்டா பனையேறினவரு, அக்கானி (பதநீர்) இறக்கி கருப்பட்டி காச்சினவரு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சு வாத்தியாரானாரு. என் சித்தப்பா மகன் இப்ப துபாய்ல இருக்கான், ஊர்ல அவன் கட்டின வீட்டுக்கு முன்னால நின்னு ஜனங்க போட்டோ எடுக்காங்க. ஏசுவ நம்பினதால காசு வந்துச்சுன்னு ஒரே தாண்டா தாண்ட முடியாது, நடுவுல பள்ளிக்கூடம் இருக்கு, கப்பல் இருக்கு, விசா இருக்கு, ரப்பர் விலை ஏறின வருஷம் இருக்கு. ஆனா காசு நம்மள காப்பாத்தினது உண்மை. அங்கதான் பாம்ப கம்பத்துல இருந்து இறக்காம விட்டுட்டோம்.

இயேசு இதப்பத்தி பேசும்போது ஒரு வார்த்தை சொன்னாரு, மாமோன். அவர் பேசின அரமேயிக் பாஷைல சொத்து, காசுன்னு அர்த்தம். கிரேக்கத்துல சுவிசேஷம் எழுதினவங்க அத மொழிபெயர்க்காம அப்படியே பேரு மாதிரி விட்டுட்டாங்க. நம்ம தமிழ் பைபிள்ல "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது"ன்னு வருது. உலகப்பொருள்னதும் அது ஏதோ கடைல விக்கிற சாமான் மாதிரி ஆயிடுச்சு, அந்தக் கடி கொறஞ்சு போச்சு. அவர் அங்க பேசுறது ரெண்டு எஜமான்களப் பத்தி. காசு ஒரு எஜமான், உனக்கு வேலை சொல்லும், எங்க போ எங்க போகாதன்னு சொல்லும், யாரு கூட சம்பந்தம் பண்ணுன்னும் அதுதான் சொல்லும்.

சம்பந்தம்னதும் ஞாபகம் வருது. நம்ம பக்கத்து பொண்ணு பாக்குற சடங்கு தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்ல. எல்லாரும் ஹால்ல உக்காந்ததும் பெரியவரு ஒருத்தரு "ஒரு சின்ன ஜெபத்தோட ஆரம்பிச்சிருவோம்"பாரு. ஆமென் சொல்லி கண்ண திறந்த அடுத்த நிமிஷம், ஏத்தங்காய் சிப்ஸ் தட்டு சுத்தி வர்றதுக்குள்ள, மாப்பிள்ளைக்கு மாமா முறை ஒருத்தரு தொண்டைய செருமுவாரு. "நாங்க ஒண்ணும் கேக்கல கேட்டியளா. உங்க பிள்ளைக்கு நீங்க செய்யுதத செய்யுங்க. மூத்த மருமவளுக்கு அவங்க வீட்ல நூறு பவுன் போட்டாவ, அத ஒரு விவரத்துக்கு சொல்லுதோம், அவ்வளவுதான்." வரதட்சணை தடைச் சட்டம் 1961ல வந்தது, அந்த ஹால்ல இருக்க அத்தனை பேருக்கும் அது தெரியும், ஒருத்தர் வக்கீலா கூட இருப்பாரு. பொண்ணோட அப்பா தலைய ஆட்டிட்டு மனசுக்குள்ள எந்த மனைய விக்கலாம்னு கணக்கு போட ஆரம்பிச்சிருப்பாரு. அந்த ஹால்ல யாரு உத்தரவு போட்டா, யாரு கீழ்ப்படிஞ்சா? ஜெபத்துல கூப்பிட்ட பேரு ஒண்ணு, கீழ்ப்படிஞ்ச பேரு வேற.

யாத்திராகமம் 32ல பொன் கன்றுக்குட்டி எதுல செஞ்சாங்கன்னு பாருங்க. மனைவிமாரு, மகன்மாரு, மகள்மாரு காதுல கிடந்த நகை. மோசே மலைக்கு போயிருந்தப்ப அவரோட அண்ணன் ஆரோன் கேட்டதும் கழட்டிக் குடுத்துட்டாங்க. அதுல இன்னொரு வேடிக்கை, கன்னுக்குட்டிய செஞ்சு வச்சிட்டு ஆரோன் "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை"ன்னுதான் கூவினாரு! அவங்க கடவுள மாத்தினதா நெனைக்கவே இல்ல, பேரு அதேதான், கன்னுக்குட்டி எக்ஸ்ட்ரா. மோசே வந்து பிடிச்சதும் ஆரோன் சொன்ன சாக்கு உலகத்துலயே பழைய சாக்கு: பொன்ன நெருப்புல போட்டேன், இந்தக் கன்னுக்குட்டி வந்துச்சு. நான் செய்யல, அதுவா வந்துச்சு. நம்மாளுங்க "ஊர் வழக்கம், என்ன செய்ய"ன்னு சொல்றதும் இதே சுருதிதான். பெந்தெகொஸ்தே சகோதரங்க சில பேரு நகையே போட மாட்டாங்க, அது அவங்க கொள்கை, மதிக்கிறேன். ஆனா நகைக்கு பதிலா மனையும் காரும் கேக்குற வீடும் எனக்குத் தெரியும். பொன் போச்சு, கன்னுக்குட்டி அப்படியே நிக்குது.

இன்னொண்ணு, "ஆசீர்வாதம்"ங்கிற வார்த்தை. சபையில ஒருத்தர் "கர்த்தர் எங்கள ரொம்ப ஆசீர்வதிச்சிருக்காரு"ன்னு சாட்சி சொன்னா, நமக்கு உடனே என்ன தோணுது? கார் எடுத்திருக்காரு, இல்லன்னா மகனுக்கு கனடா விசா கிடைச்சிருக்கு. கார் பின் கண்ணாடில "இயேசுவின் பரிசு"ன்னு ஸ்டிக்கர், அதுக்கு கீழயே பேங்க் லோன். சிரிக்கலாம், ஆனா இந்த கணக்க கொஞ்சம் நீட்டிப் பாருங்க. 2017 நவம்பர் கடைசில ஓகி புயல் அடிச்சப்ப தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடின்னு கடலோர ஊருல இருந்து போனவங்க எத்தனையோ பேரு திரும்பி வரல. அந்த வீடுகள்ல ஜெபம் இல்லாமயா இருந்துச்சு? அந்தக் கரை முழுக்க கோயில்தான். காசும் சொகமும்தான் ஆசீர்வாதம்னா அந்த அம்மாக்கள்கிட்ட போய் என்ன சொல்லுவோம்? இதுக்கு பதில் சொல்ல முடியாத எந்த பிரசங்கத்தையும் நான் இப்பல்லாம் காது குடுத்து கேக்குறதில்ல.

காசப்பத்தி இவ்வளவு நேரம் பேசினது போதும். அரசியல்வாதிக்கு வருவோம், ஆனா காச முழுசா விட்டுட முடியாது, ஏன்னா மூணும் ஒரே எடத்துல வர்ற ஒரு சீன் இருக்கு. இயேசுகிட்ட வந்து இராயனுக்கு, அதாவது ரோம ராஜாவுக்கு, வரி குடுக்கலாமான்னு கேட்டாங்கல்ல, அப்ப அவர் ஒரு காசு காட்டச் சொன்னாரு. அந்தக் காசு பெரும்பாலும் திபேரியு ராஜாவோட தெனாரியமா இருக்கும், அதுல அவர் மூஞ்சி, சுத்தி எழுத்து, தெய்வமாகிய அகஸ்துவின் மகன்னு. பணம், தலைவர், ராஜ்யத்தோட முத்திரை மூணும் ஒரு கட்டைவிரல் அளவு வெள்ளித் துண்டுல. "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது"ன்னு கேட்டாரு. இராயனோடது. செரி, இராயனோடத இராயனுக்கு குடு, தேவனோடத தேவனுக்கு குடு. காசுல இராயன் சுரூபம் இருக்கு, அதனால அது அவனுக்கு. அப்ப தேவனோட சாயல் எதுல இருக்கு? ஆதியாகமம் ஒண்ணாம் அதிகாரத்துல பதில் இருக்கு, மனுஷன்ல. வரி கட்டு, ஆனா உன்னையே தூக்கிக் குடுக்காத. எனக்கு இதவிட நல்ல விளக்கம் தெரியல.

தலைவர்கள மதிக்கிறது தப்பே இல்ல. மார்ஷல் நேசமணி இல்லன்னா 1956 நவம்பர் 1ல குமரி தமிழ்நாட்டோட சேந்திருக்குமான்னு எங்க வீட்டு பெரியவங்க இப்பவும் கேப்பாங்க. காமராஜர் 1969ல நாகர்கோவில் இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சத நேத்து நடந்த மாதிரி பேசுவாங்க. நன்றி நல்ல குணம். சிக்கல் எப்ப வருதுன்னா, நன்றி ஒரு கட்டத்துக்கு மேல வாய அடைக்கும்போது.

ஒரு தடவ ஒரு சபையோட நூற்றாண்டு விழாக்கு போயிருந்தேன், எந்த சபைன்னு வேண்டாம். பிரசங்கம் பாதில ஓடிட்டு இருக்கு, வாசல்ல நாலு கார் வந்து நின்னுச்சு. பிரசங்கியாருக்கு ஒரு துண்டு சீட்டு போச்சு, அவர் ரெண்டு நிமிஷத்துல ஆமென் போட்டு முடிச்சிட்டாரு. வந்த தலைவருக்கு பொன்னாடை, ஏலக்காய் மாலை, அப்புறம் வரவேற்புரைல ஒருத்தரு அவர "நம்ம ஜனத்த நடத்த வந்த மோசே"ன்னாரு. அவரும் சிரிச்சிட்டே கேட்டுட்டு இருந்தாரு. நானும் கை தட்டினேன். ஏன் தட்டினேன்னு வீட்டுக்கு வந்து யோசிச்சா, கல்லறைத் தோட்டத்துக்கு பாதை விஷயமா ஒரு மனு அவர்கிட்ட பெண்டிங்ல இருந்துச்சு, அது எங்க எல்லாருக்கும் தெரியும்.

அப்போஸ்தலர் 12ல ஏரோது கதை அச்சு அசல் இதுதான். அவன் ராஜ வஸ்திரம் போட்டு மேடைல உக்காந்து பேசினப்ப ஜனங்க "இது மனுஷசத்தமல்ல, இது தேவசத்தம்"னு கத்தினாங்க. அவன் செத்ததுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், புழு அரிச்சு செத்தான். ஆனா கத்தினது யாருன்னு அதுக்கு முந்தின வசனங்கள்ல இருக்கு. தீரு, சீதோன் ஊர்க்காரங்க அவன்கிட்ட சமாதானம் கேட்டு வந்திருந்தாங்க, ஏன்னா அவங்க ஊருக்கு சாப்பாடு அவன் தேசத்துல இருந்துதான் போகணும். பக்தில கத்தல, பசில கத்தினாங்க. நம்மகிட்டயும் பாதி அப்படித்தான், ரோடு வேணும், ஆலயம் கட்ட கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி வேணும், சிறுபான்மைங்கிற பயம் வேற. அதனால கும்பிடுறவங்க எல்லாரும் முட்டாள்னு சொல்லிட முடியாது. ஆனா தேவையில ஆரம்பிச்ச கும்பிடும் கும்பிடுதான், கொஞ்ச நாள்ல முதுகு அப்படியே வளைஞ்சு நின்னுடும்.

தலைவர் பக்கத்துல இருந்து பாத்தா, இஸ்ரவேலுக்கு போர் ஜெயிச்சுக் குடுத்த கிதியோன் கதை இருக்கு, நியாயாதிபதிகள் 8. ஜனங்க நீயே ராஜாவா இருன்னு கேட்டாங்க, நான் ஆள மாட்டேன் என் மகனும் ஆள மாட்டான், கர்த்தரே ஆளுவாருன்னு அழகா மறுத்தாரு. மறுத்த கையோட, ஆளுக்கு ஒரு கடுக்கன் குடுங்கன்னு கேட்டாரு. ஆயிரத்து எழுநூறு சேக்கல் பொன். அதுல ஒரு ஏபோத்து, அதாவது ஆசாரியர் போடுற அங்கி மாதிரி, செஞ்சு சொந்த ஊர்ல வச்சாரு, நாடே அது பின்னால போச்சு. அப்புறம் ஒரு மகனுக்கு அவர் வச்ச பேரு அபிமெலேக்கு. அர்த்தம் "என் அப்பா ராஜா". பதவி வேண்டாம்னு மேடைல சொல்லிட்டு மகன் பேர்ல மட்டும் வச்சிருந்திருக்காரு பாருங்க, வாரிசு அரசியல் நம்ம கண்டுபிடிச்சதுன்னு யாராவது பெருமைப்பட்டா இந்த அதிகாரத்த காட்டுங்க.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25ல அரசியல் நிர்ணய சபையில பேசினப்ப இதையே கடவுள் பேர இழுக்காம சொன்னாரு. மதத்துல பக்தி ஆத்துமா ரட்சிப்புக்கு வழியா இருக்கலாம், அரசியல்ல பக்தி சீரழிவுக்கும் கடைசில சர்வாதிகாரத்துக்கும்தான் வழின்னு. சங்கீதம் 146 சொல்றதும் அதுதான், "பிரபுக்களையும், இரட்சிக்கத்திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்." கெட்ட பிரபுக்கள மட்டும் நம்பாதன்னு அதுல போடல.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல 2021 பிப்ரவரில ஒரு கட்சி ஆதரவாளர் மாநாட்டுல ட்ரம்புக்கு பொன் நிறத்துல ஒரு சிலை செஞ்சு உருட்டிட்டு வந்தாங்க, காலுல அமெரிக்க கொடி போட்ட டவுசர். உலகம் முழுக்க கிறிஸ்தவங்க அந்த போட்டோவ பாத்து பொன் கன்னுக்குட்டின்னு எழுதினாங்க. அதுக்கு முந்தின மாசம், ஜனவரி 6ல, வாஷிங்டன் பார்லிமென்ட் கட்டடத்துக்குள்ள கும்பல் புகுந்தப்ப கட்சிக் கொடிக்கு நடுவுல இயேசு பேரு போட்ட கொடியும் இருந்துச்சு. 2024ல அதே தலைவரு ஒரு பைபிள விளம்பரம் பண்ணாரு, விலை ஏறக்குறைய 60 டாலர், உள்ள அமெரிக்க அரசியல் சாசனமும் கொடிக்கு எடுக்குற உறுதிமொழியும் சேத்து பைண்ட் பண்ணது. இராயன் காசு மாதிரியே பணம், தலைவர், தேசம் மூணும் ஒரே அட்டைக்குள்ள. நம்மாளுங்க சில பேரு அத வாட்ஸ்அப்ல "எழுப்புதல்"னு, அதாவது பக்தி திரும்ப உயிர்பெறுதுன்னு, ஃபார்வர்ட் பண்ணாங்க, அதுதான் எனக்கு தலைவலி.

இப்ப கொடி. இது கொஞ்சம் நிதானமா பேச வேண்டிய விஷயம்.

ஆகஸ்ட் 15 நம்ம பக்கத்து ஆர்.சி. கோயிலுக்கு போயிருக்கீங்களா? அன்னைக்கு சுதந்திர தினம், அதோட மாதா விண்ணேற்பு திருநாளும். பூசை முடிஞ்சு ஜனங்க வெளிய வந்தா முற்றத்துல கம்பம் தயாரா இருக்கும், பாதர் கொடி ஏத்துவாரு, உள்ள சுருட்டி வச்ச ரோஜா இதழ் தலைல கொட்டும், பிள்ளைங்களுக்கு மிட்டாய். அதே ஜனங்க ஊர்த் திருவிழாவுக்கு புனிதர் படம் போட்ட கொடிய வேற கம்பத்துல ஏத்துவாங்க. ரெண்டு கொடிக்கும் வித்தியாசம் எட்டு வயசு பிள்ளைக்கு கூட தெரியும். எனக்கு இதுல ஒரு குறையும் தெரியல. நாட்ட நேசிக்கிறதும், கொடிக்கு எந்திரிச்சு நிக்கிறதும் மரியாதை. "தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்"னு பேதுரு எழுதினதுல ரெண்டு வேற வேற வினைச்சொல் இருக்கு, அத அவர் சும்மா போடல. பயம் ஒருத்தருக்கு, கனம் இன்னொருத்தருக்கு.

ரோம ராஜ்யத்துல இந்தக் கோடுதான் பிரச்சனையாச்சு. 112 வாக்குல பிளினின்னு ஒரு கவர்னர் திராயான் ராஜாவுக்கு எழுதின கடிதம் இருக்கு. கிறிஸ்தவங்கன்னு சந்தேகப்பட்டு பிடிச்சவங்க முன்னால ராஜா சிலைய வச்சு தூபமும் திராட்சரசமும் போடச் சொல்லி சோதிச்சேன், உண்மையான கிறிஸ்தவங்கள இத செய்ய வைக்க முடியாதாம்னு எழுதுறாரு. வரி கட்டுவாங்க, ராஜாவுக்காக ஜெபம் பண்ணுவாங்க, ஒரு சிட்டிகை தூபம் போட மாட்டாங்க. அதனால அவங்களுக்கு கிடைச்ச பட்டப்பேரு நாத்திகர்கள்! சாமியே கும்பிடாதவங்கன்னு. அத நெனச்சா எனக்கு எப்பவும் சிரிப்பு வரும்.

நம்ம மண்ணுலயே தேவசகாயம் பிள்ளை இருக்காரு. நட்டாலத்துல 1712ல பிறந்தவரு, மார்த்தாண்டவர்மா ராஜாவோட அதிகாரி, குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சு தளபதி டிலனாய் மூலமா விசுவாசத்துக்கு வந்து 1745ல ஞானஸ்நானம் எடுத்தாரு. ராஜாவுக்கு வேலை பாத்தாரு, ஆனா மனசாட்சிய சம்பளத்துக்கு சேத்து எழுதிக் குடுக்கல. 1752 ஜனவரி 14ல ஆரல்வாய்மொழி காத்தாடிமலைல சுட்டுக் கொன்னாங்க, 2022 மே 15ல ரோம்ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. அந்த விழாவுக்கு நம்ம மாவட்டத்துல எவ்வளவு ஃப்ளெக்ஸ் வச்சோம், அதுல சில ஃப்ளெக்ஸ்ல புனிதர் மூலையில ஸ்டாம்ப் சைஸ்ல, கட்சிக்காரரு நடுவுல ஆள் உயரத்துல.

இந்தக் கோடு எங்க இருக்குங்கிறதுல கிறிஸ்தவங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது, அதையும் சொல்லணும். 1985ல கேரளாவுல யெகோவா சாட்சிகள் குடும்பத்து பிள்ளைங்க மூணு பேரு தேசிய கீதம் பாடும்போது எந்திரிச்சு மரியாதையா நின்னாங்க, ஆனா பாடல, அவங்க விசுவாசத்துக்கு அது ஆராதனை மாதிரி பட்டுச்சு. பள்ளிக்கூடத்துல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1986 ஆகஸ்ட்ல நீதிபதி சின்னப்ப ரெட்டி பெஞ்ச் பிள்ளைங்கள திரும்ப சேக்கச் சொல்லிச்சு, எந்திரிச்சு நின்னதே மரியாதைதான், பாடலங்கிறது அவமதிப்பு ஆகாதுன்னு. நான் தேசிய கீதம் பாடுவேன், சத்தமா பாடுவேன், எனக்கு அது ஆராதனையா தோணினதில்ல. ஆனா அந்த மூணு பிள்ளைங்க தானியேல் 3 வாசிச்சிருப்பாங்கன்னு மட்டும் தோணும். நேபுகாத்நேச்சார் அறுபது முழம் உயரத்துல பொற்சிலை நிறுத்தி, மேளம் கேட்டதும் எல்லாரும் விழணும்னப்ப அங்கயும் மூணு பேருதான் நின்னாங்க.

கொடிய ஆராதிக்கிறதுன்னா சூடம் காட்டுறதுன்னு யாரும் சொல்லல. தேசம் பேர்ல எது நடந்தாலும் அத கேள்வி கேக்குறது தெய்வ நிந்தனைன்னு ஆகும்போது ஆரம்பிக்குது. ஜெர்மனில 1930கள்ல சபைக்குள்ளயே நாஜி கொடிய தொங்கவிட்டாங்க, ஹிட்லர கடவுள் அனுப்பினாருன்னு போதகர்மாரே சொன்னாங்க, எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்தவங்கதான், ஞாயித்துக்கிழமை தவறாம வர்றவங்கதான். 1934 மே மாசம் பார்மென்ங்கிற ஊர்ல கார்ல் பார்த் மாதிரி கொஞ்சம் பேரு கூடி, சபைக்கு இயேசு கிறிஸ்துவோட வார்த்தைய தவிர வேற தலைமை இல்லன்னு அறிக்கை போட்டாங்க. கொஞ்சம் பேருதான். பெரும்பாலானவங்க கொடிக்கு கீழயே பாடிட்டு இருந்தாங்க.

நம்ம நாட்டுல இது தலைகீழா வேலை செய்யுது, இத யாரும் அதிகமா பேச மாட்டாங்க. நம்மள பாத்து "நீங்க இந்த நாட்டு ஆளுதானா"ன்னு கேக்குறவங்க இருக்காங்க, அதுக்கு பயந்துட்டு நாம தேவைக்கு மேல நடிக்க ஆரம்பிக்கிறோம். மேடைல கொடி மூணு மடங்கு பெருசாகுது, ஸ்டேட்டஸ்ல தேசபக்தி ரீல்ஸ் கூடுது, மனசுக்குள்ள நடுக்கம். பெருமையில போடுற தூபமும் பயத்துல போடுற தூபமும் ஒரே மணம்தான். மகாதானபுரம் ரவுண்டானால பறக்குற பெரிய கொடி என்னோட கொடி, அதுக்கு நான் யாருகிட்டயும் சர்டிபிகேட் வாங்கத் தேவையில்ல. இப்படி நிம்மதியா சொல்ல முடியுற அன்னைக்குத்தான் நான் அத நேசிக்கிறேன்னு அர்த்தம்.

எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு சண்டே ஸ்கூல் பெரிய பிள்ளைங்க கேட்டாங்க. நான் ஒரு வீட்டுப்பாடம் குடுத்தேன். வீட்ல எத பத்தி கேள்வி கேட்டா உடனே சத்தம் உயருதோ, இல்லன்னா எல்லாரும் சட்டுனு பேச்ச நிறுத்திடுறாங்களோ, அத ஒரு பேப்பர்ல எழுதிட்டு வாங்க, பேரு போட வேண்டாம். நான் என் பங்குக்கு எழுதினது: காலைல எந்திரிச்சதும் பைபிள் ஆப் திறக்குறதுக்கு முந்தி தங்கம் ரேட் பாக்குறேன்.

அடுத்த ஞாயிறு பதினோரு பேப்பர் வந்துச்சு. மூணுல அப்பாவோட கட்சி. ஒண்ணுல "எங்க வீட்ல யாரு கேட்டாலும் பதில் சொல்லுவாங்க"ன்னு, அந்தப் பிள்ளை குடுத்து வச்சது. ஒரு பையன் செல்போன்னு மட்டும் எழுதியிருந்தான், பென்சில்ல. இன்னொண்ணு நல்ல கையெழுத்து, ரூல் போட்ட தாள்ல ஒரே வரி: அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடன் எவ்வளவுன்னு கேக்கக்கூடாது.

எல்லாத்தையும் சத்தமா வாசிக்கிறேன்னு சொல்லியிருந்தேன். அத மட்டும் நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிட்டு அடுத்த பேப்பர எடுத்தேன்.